தோற்பதற்காகவே ரிங் ஏறிய ராட்சசன்... 'ரெஸில்மேனியா 3'-ல் நடந்தது என்ன? | ரீவைண்ட் ரிங்

ட்ரம்ப் கார்டு ஆடி வளர்ந்த 90ஸ் கிட்ஸுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். உயரம், எடை, செஸ்ட், பைசெப்ஸ்... எதைக் கேட்டாலும் பெரிய நம்பர் வைத்திருப்பவர்தான் ராஜா. எதிராளியின் கார்டை வாங்கி நம் கட்டில் சேர்த்துக்கொள்ளலாம். மறுபேச்சே கிடையாது.

அந்தக் கணக்குப்படி பார்த்தால், ஆந்த்ரே தி ஜெயன்ட்டை ஜெயிக்க ஆளே இல்லை. உயரம் 7 அடி 4 அங்குலம், எடை 520 பவுண்டு என்றுதான் அவரை ரிங்கில் அறிவிப்பார்கள். கிலோவில் சொன்னால் சுமார் 236. சராசரி ஆட்கள் மூன்று பேரைச் சேர்த்துக் கட்டினால் வரும் எடை.

அப்படிப்பட்டவரை, 1987 மார்ச் 29 அன்று, அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் ஒருவர் தலைக்கு மேல் தூக்காத குறையாகத் தூக்கிக் கீழே போட்டார். தூக்கியவர் ஹல்க் ஹோகன். ரெஸ்லிங் வரலாற்றில் அதிகம் காட்டப்பட்ட காட்சிகளில் இதுவும் ஒன்று. 'ரெஸில்மேனியா 3' என்றதும் எல்லோருக்கும் ஹோகனின் கைகள்தான் நினைவுக்கு வரும்.

ஆனால், அந்த 12 நிமிட ஆட்டத்தின் உண்மையான கதை, தூக்கியவருடையது இல்லை. விழுந்தவருடையது!

டி.வி-யில் பார்க்கக் காசு!

முதலில் 'பே-பெர்-வியூ' என்றால் என்னவென்று பார்த்துவிடலாம். கேபிள் கனெக்‌ஷனுக்கு மாதச் சந்தா கட்டினாலும், சில பெரிய நிகழ்ச்சிகளை மட்டும் தனியாகக் காசு கொடுத்தால்தான் பார்க்க முடியும். அந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் பணம், அந்த ஒரு தடவை மட்டும் ஒளிபரப்பு. பெரிய குத்துச்சண்டைப் போட்டிகளை அமெரிக்காவில் இப்படித்தான் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

1987-ல் இந்த வசதி எல்லா வீடுகளுக்கும் வந்திருக்கவில்லை. அதனால், 'க்ளோஸ்டு சர்க்யூட்' என்ற இன்னொரு வழியும் இருந்தது. வேறு ஊர்களில் உள்ள அரங்கங்களிலும் தியேட்டர்களிலும் பெரிய திரை கட்டி, டிக்கெட் போட்டு, நேரலையாகக் காட்டுவார்கள். ரெஸில்மேனியாவின் முதல் சில வருடங்கள் இந்த இரண்டு வழிகளையும் நம்பித்தான் ஓடின.

இதற்குப் பின்னால் இருந்தவர் வின்ஸ் மெக்மஹோன். 1982-ல் தன் அப்பாவிடமிருந்து கம்பெனியை விலைக்கு வாங்கியவர். அதுவரை அமெரிக்காவில் ரெஸ்லிங் என்பது ஏரியா பிரித்து நடத்தும் தொழில். ஒரு புரொமோட்டரின் ஏரியாவுக்குள் இன்னொருவர் கால் வைக்க மாட்டார். வின்ஸ் அந்த எல்லைகளையெல்லாம் உடைத்தார். நாடு முழுக்க ஒரே கம்பெனி, ஒரே ஹீரோ என்பது அவருடைய கணக்கு. அந்த ஹீரோதான் ஹல்க் ஹோகன். 'ராக்கி 3' படத்தில் சில்வெஸ்டர் ஸ்டாலோனோடு மோதும் தண்டர்லிப்ஸ் பாத்திரத்தில் வந்தவர். 1984 ஜனவரியில் அயர்ன் ஷேக்கை வீழ்த்தி சாம்பியன் ஆனார். அன்று முதல் பெல்ட் அவர் இடுப்பில்தான்.

முதல் ரெஸில்மேனியா 1985-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்து ஹிட் அடித்தது. அடுத்த வருடம் நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் என ஒரே நாளில் மூன்று ஊர்களில் நடத்தினார்கள். மூன்றாவது வருடம் வின்ஸ் தேர்ந்தெடுத்த இடத்தைக் கேட்டுப் பலரும் வாயைப் பிளந்தார்கள். டெட்ராய்ட் நகரை ஒட்டியிருக்கும் பான்டியாக்கில், சில்வர்டோம் ஸ்டேடியம்.

அமெரிக்கக் கால்பந்து ஆடும் பிரமாண்ட மைதானம் அது. காற்றழுத்தத்தாலேயே மேலே நிற்கும் துணிக்கூரை. அவ்வளவு பெரிய இடத்தின் நடுவில் ரிங் சின்னப் பெட்டிபோலத் தெரியும். நுழைவாயிலிலிருந்து நடந்து வருவதற்குள் வீரர்களுக்கு மூச்சு வாங்கிவிடும் என்பதால், அவர்களை ஏற்றிவர மோட்டார் வண்டி ஒன்றைச் செய்தார்கள். நான்கு மூலையிலும் கயிறு கட்டி, பார்ப்பதற்குக் குட்டி ரிங் மாதிரியே இருக்கும். இந்த வண்டியை மட்டும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் மறுபடியும் வரும்.

சரி, இத்தனை இருக்கைகளையும் நிரப்ப ஹோகன் மட்டும் போதுமா? போதாது. அவருக்கு எதிரே யாரை நிறுத்துவது என்பதுதான் கேள்வி.

வளர்ச்சியே வியாதியானால்..?

ஆந்த்ரே ரெனே ருசிமோஃப். 1946 மே 19 அன்று பிரான்ஸில் பிறந்தவர். பாரிஸுக்குக் கிழக்கே, வயல்கள் சூழ்ந்த ஒரு கிராமத்தில் வளர்ந்தார். பதின்ம வயதிலேயே ஊரில் எல்லோரையும்விட உயர்ந்துவிட்டார். பாரிஸுக்குப் போய், வீட்டுச் சாமான்களை இடம் மாற்றும் வேலை பார்த்துக்கொண்டே ரெஸ்லிங் கற்றுக்கொண்டார். பிறகு ஜப்பான், கனடா, அமெரிக்கா என்று உலகம் சுற்ற ஆரம்பித்தார்.

அந்த உடம்புக்குப் பின்னால் ஒரு நோய் இருந்தது. அக்ரோமெகலி. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, வளர்ச்சி ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரந்துகொண்டே இருக்கும். கை, கால், தாடை, நெற்றி எல்லாம் பெரிதாகும். மூட்டுகள் தேயும். இதயத்துக்கும் சுமை கூடிக்கொண்டே போகும். எந்த உடம்பைப் பார்க்கக் கூட்டம் கூடியதோ, அதே உடம்பு அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

அன்றாட வாழ்க்கையும் எளிதாக இல்லை. விமானத்தின் கழிப்பறைக்குள் அவரால் நுழையவே முடியாது. ஹோட்டல் கட்டில் போதாது. கார் இருக்கை போதாது. எந்த ஊருக்குப் போனாலும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், கூட்டத்தில் ஒருவராகக் கலந்து நிற்கும் வாய்ப்பே அவருக்கு வாழ்நாளில் கிடைக்கவில்லை.

70-களில் ஒவ்வொரு ஏரியா புரொமோட்டரும் ஆந்த்ரே தங்கள் ஊருக்கு எப்போது வருவார் என்று காத்திருப்பார்கள். அவர் வந்தால் அரங்கம் நிறையும். ஓர் ஊரிலேயே ரொம்ப நாள் இருந்தால் மக்களுக்குப் பழகிவிடும் என்பதால், அவரை ஊர் ஊராக அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். நம்மூரில் வருடத்துக்கு ஒரு முறை வந்துபோகும் சர்க்கஸ் மாதிரி. எந்த ஊருக்குப் போனாலும் அவர்தான் ஹீரோ. குழந்தைகளுக்கு அவரைப் பிடிக்கும். ஆந்த்ரே என்றால் நல்லவர்... அவ்வளவுதான்.

பெரிய கோப்பை... சின்னக் கோப்பை!

அந்த நல்லவரை வில்லனாக்கினார்கள். எப்படி என்பதில்தான் வின்ஸின் திறமை இருக்கிறது.

1987 தொடக்கத்தில், ராடி பைப்பர் நடத்திய 'பைப்பர்ஸ் பிட்' என்ற பேட்டிப் பகுதியில் ஹோகனுக்கு ஒரு பெரிய கோப்பை கொடுக்கப்பட்டது. மூன்று வருடம் சாம்பியனாக இருந்ததற்குப் பாராட்டு. நண்பர் ஆந்த்ரேவும் வந்து வாழ்த்தினார். அடுத்து, 15 வருடங்களாகத் தோற்றதே இல்லை என்று சொல்லி ஆந்த்ரேவுக்கும் ஒரு கோப்பை. ஆனால், அது ஹோகனுடையதைவிடச் சின்னது! ஆந்த்ரேவின் முகம் மாறியது.

அதன் பிறகு அவர் வந்தபோது பக்கத்தில் நின்றவர் பாபி ஹீனன். ஹோகனின் பரம எதிரியான மேனேஜர். "எனக்குப் பட்டத்துக்கான போட்டி வேண்டும்" என்றார் ஆந்த்ரே. ஹோகனின் சட்டையைப் பிடித்துக் கிழித்தார். கழுத்தில் கிடந்த சிலுவைச் சங்கிலியும் அறுந்து விழுந்தது. ஹோகன் உடைந்துபோய் நின்றார்.

கூடப் பிறந்த இருவரை வரப்புச் சண்டை பிரித்த மாதிரி கதை! துரோகம், பொறாமை, நடுவில் சகுனி மாதிரி ஒரு மேனேஜர். ரெஸ்லிங்கே பார்க்காதவர்களுக்குக்கூடப் புரியும். டிக்கெட் பறந்தது.

இதில் உண்மை எவ்வளவு? '15 வருடம் தோற்றதில்லை' என்பது விளம்பரம். 1984-ல் மெக்ஸிகோவில் கனெக்கிடமும், 1986-ல் ஜப்பானில் அன்டோனியோ இனோகியிடமும் ஆந்த்ரே தோற்றிருக்கிறார். 'அவரை யாராலும் தூக்க முடியாது' என்பதும் விளம்பரம்தான். 1980-ல் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் இதே ஹோகனே அவரைத் தூக்கிப் போட்டிருக்கிறார். அப்போது ஹோகன் வில்லன், ஆந்த்ரே ஹீரோ! இன்டர்நெட் இல்லாத காலம் என்பதால் இதையெல்லாம் யாரும் தோண்டிப் பார்க்கவில்லை.

ஆனால், விளம்பரத்தில் சொல்லாத ஓர் உண்மை இருந்தது. ஆந்த்ரேவால் அப்போது நிற்பதே கஷ்டம்.

நடிகையைத் தாங்க முடியாத கைகள்

1986-ல் ஆந்த்ரேவின் முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. அதே வருடம் இங்கிலாந்தில் 'தி பிரின்சஸ் பிரைட்' படத்தில் நடித்துக்கொண்டிருந்தார். அதில் அவருக்கு ஃபெஸிக் என்ற அன்பான ராட்சசன் வேடம். கதாநாயகி ராபின் ரைட் மேலிருந்து குதிக்க, ஆந்த்ரே கீழே நின்று கைகளில் ஏந்திக்கொள்ள வேண்டும். ஒல்லியான அந்த நடிகையின் எடையைக்கூட அவருடைய முதுகு தாங்கவில்லை. மேலிருந்து கம்பி கட்டி இறக்கித்தான் அந்தக் காட்சியை எடுத்தார்கள்.

இது நடந்து சில மாதங்களில், 300 பவுண்டு எடையுள்ள ஹோகனோடு, முழு ஸ்டேடியத்தின் முன்னால் மோத வேண்டும். யோசித்துப் பாருங்கள்.

வின்ஸ் மெக்மஹோன் அவரைச் சந்தித்துத் திட்டத்தைச் சொன்னார். ஆந்த்ரேவுக்கு அப்போது 40 வயதுதான். ஓய்வெடுக்க எல்லா நியாயமும் இருந்தது. ஆனாலும் சரி என்றார். அதற்கு முன்பு வரை வெறும் டிரங்க்ஸில் ரிங் ஏறுபவர், அந்தப் போட்டிக்கு ஒற்றைத் தோள்பட்டை வைத்த கறுப்பு உடையில் வந்தார். ஸ்டைலுக்காக இல்லை. உள்ளே முதுகைத் தாங்கிப் பிடிக்கும் பட்டையை மறைப்பதற்காக!

எல்லாவற்றையும் எழுதிவைத்த சாவேஜ்

மார்ச் 29. சில்வர்டோம் நிரம்பி வழிந்தது. பாடகி அரீத்தா ஃபிராங்க்ளின் பாட, நிகழ்ச்சி ஆரம்பித்தது. அன்று வந்த கூட்டம் 93,173 என்று அறிவித்தார்கள். இந்த எண்ணே ஒரு பெரிய பஞ்சாயத்து. பத்திரிகையாளர் டேவ் மெல்ட்சர் போன்றவர்கள் 78,000 அளவில்தான் இருக்கும் என்கிறார்கள். எதை எடுத்துக்கொண்டாலும், ஒரு ரெஸ்லிங் நிகழ்ச்சிக்கு அது அசாத்தியமான கூட்டம்.

மொத்தம் 12 போட்டிகள். அவற்றில் ரெஸ்லிங் பிரியர்கள் இன்றும் கொண்டாடுவது ராண்டி சாவேஜ் - ரிக்கி ஸ்டீம்போட் மோதலை. இன்டர்கான்டினென்டல் பட்டத்துக்கான போட்டி. 15 நிமிடம்கூட இல்லை. ஆனால், பத்து நிமிடம் கட்டிப்பிடித்து உருளும் பழைய பாணியை அது ஓரங்கட்டியது. 'முடிந்தது' என்று நினைக்கும்போது இரண்டாவது எண்ணிக்கையில் தோளைத் தூக்குவார்கள். ஒரு தடவை இல்லை, இருபது தடவைக்குப் பக்கம். கடைசியில் ஸ்டீம்போட் சட்டென்று சாவேஜைச் சுருட்டிப் பிடித்து ஜெயித்தார்.

அதன் ரகசியம் சாவேஜின் நோட்டுப்புத்தகம். ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் எண் கொடுத்து எழுதிவைத்திருந்தார். ஓர் எண்ணைச் சொன்னால், அடுத்து வரும் அசைவுகளை ஸ்டீம்போட் வரிசையாக ஒப்பிக்க வேண்டும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள்போல இருவரும் மாறி மாறிக் கேள்வி கேட்டுப் பயிற்சி எடுத்ததை ஸ்டீம்போட்டே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இது தெரிந்தால் சிலர், "அட, எல்லாமே நடிப்புதானா?" என்பார்கள். முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டதுதான். அதில் ஒளிவுமறைவே இல்லை. ஆனால், கூத்து மேடையில் துரியோதனன் சாகப்போவது ஊருக்கே தெரியும். தெரிந்தும் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறோம் இல்லையா? எப்படிச் சாகிறான் என்பதில்தான் ஆட்டம் இருக்கிறது.

ரெஸ்லிங்கில் இன்னொன்றும் உண்டு. கத்தி அட்டையாக இருக்கலாம். தரை நிஜம். உடம்பு நிஜம். தூக்குபவரை நம்பி விழுபவர் தன் கழுத்தையும் முதுகையும் ஒப்படைக்கிறார். விழுபவர் ஒத்துழைக்காவிட்டால் தூக்குபவருக்கு ஆபத்து. எதிரிகளாக நடிக்கும் இருவர், ஒருவரையொருவர் முழுசாக நம்பினால்தான் சண்டையே நடக்கும்.

அந்த 12 நிமிடங்கள்

கடைசிப் போட்டி. கயிறு கட்டிய அந்தக் குட்டி வண்டியில் ஹீனனோடு ஆந்த்ரே வந்தார். வழிநெடுக ரசிகர்கள் குப்பையை எடுத்து வீசினார்கள். 15 வருடம் கைதட்டி வரவேற்ற அதே ஆந்த்ரேவை! அவர் முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. ஹோகன் வண்டியில் ஏறவில்லை. அந்த நீண்ட பாதையை நடந்தே கடந்தார். ஸ்டேடியம் அதிர்ந்தது.

கமென்ட்ரியில் கொரில்லா மான்சூனும், பின்னாளில் மின்னசோட்டா மாகாணத்தின் கவர்னராகவே ஆகிவிட்ட ஜெஸ்ஸி வென்ச்சுராவும். ரெஃப்ரி ஜோயி மரெல்லா, மான்சூனின் மகன்.

மணி அடித்ததும் ஹோகன் சில குத்துகள் விட்டு, எடுத்த எடுப்பிலேயே ஆந்த்ரேவைத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. மலை அவர்மீதே சரிந்தது. ரெஃப்ரி எண்ணினார்... ஒன்று, இரண்டு... மூன்றுக்கு ஒரு நூலிழையில் ஹோகன் தப்பினார். போட்டி அப்போதே முடிந்துவிட்டது என்று ஆந்த்ரே தரப்பு நினைத்தது.

அதன் பிறகு முதுகைப் பிடித்துக்கொண்டே தடுமாறினார் ஹோகன். நிஜமாகவே முதுகு வலித்தவர், அந்த முதுகின் மேல் ஏறி மிதித்துக்கொண்டிருந்தார்! பிறகு வந்தது கரடிப்பிடி. ஹோகனை இரண்டு கைகளாலும் இறுக்கி அணைத்து அப்படியே நின்றார் ஆந்த்ரே. பார்ப்பவர்களுக்கு ஹோகனின் மூச்சு நிற்கப்போகிறது என்ற பதற்றம். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் வேறொன்று தெரியும். அதிகம் அசையாமல் ஆந்த்ரேவால் செய்ய முடிந்த பிடி அதுதான். அவ்வப்போது அவர் கை கயிற்றைத் தேடிப் பிடித்துக்கொள்வதையும் பார்க்கலாம்.

ரிங்குக்கு வெளியேயும் சண்டை போனது. ஹோகன் தரைவிரிப்பை விலக்கி, கான்கிரீட்டில் ஆந்த்ரேவைக் கவிழ்க்கப் பார்த்தார். ஆந்த்ரே நிமிர்ந்து ஹோகனை முதுகுக்குப் பின்னால் தூக்கி எறிந்தார். மறுபடியும் உள்ளே. ஆந்த்ரே ஓங்கிய உதை தவறியது. ஹோகன் கயிற்றில் மோதி ஓடிவந்து கையால் ஒரு வெட்டு. முதல் முறையாக ஆந்த்ரே தரையில் சாய்ந்தார். கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது.

ஆந்த்ரே எழுந்தார். ஹோகன் அவரைப் பற்றினார். தூக்கினார். ஒரு நொடி அந்த ராட்சச உடம்பு அந்தரத்தில் நின்றது. அடுத்த நொடி... தரை. கயிற்றில் ஓடி வந்து கால் வீச்சு. ஒன்று, இரண்டு, மூன்று.

தூக்கியது யார்?

இந்த ஆட்டத்தைப் பற்றி ஹோகன் பல வருடங்கள் பல பேட்டிகளில் பேசினார். கதைக்கு மசாலா சேர்ப்பதில் அவர் கெட்டிக்காரர். ஒவ்வொரு தடவையும் ஆந்த்ரேவின் எடை கொஞ்சம் கூடும்! ஆனால், ஒரு விஷயத்தை அவர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். ஆந்த்ரே உண்மையிலேயே விழுவாரா, மாட்டாரா என்பது கடைசி நிமிடம் வரை அவருக்குத் தெரியாதாம். ரிங்குக்குள் இருக்கும்போது ஆந்த்ரேவே 'ஸ்லாம்' என்று குரல் கொடுத்த பிறகுதான் தூக்கினாராம். அந்தத் தூக்கலில் தன் முதுகுத் தசை கிழிந்துவிட்டதாகவும் சொன்னார்.

ஹோகனின் வார்த்தையை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால், ரெஸ்லிங் தெரிந்தவர்கள் ஒன்றை ஒப்புக்கொள்வார்கள். ஆந்த்ரேவுக்கு இஷ்டம் இல்லாமல் அவரைத் தரையில் போட ஹோகனால் மட்டுமில்லை, யாராலும் முடிந்திருக்காது. 'ஸ்கிரிப்டில் இப்படித்தான் இருக்கிறது' என்று காகிதத்தைக் காட்டி அவரை மடக்க முடியாது. அவர் நின்ற இடத்திலேயே நின்றிருந்தால், ரெஸில்மேனியா அன்றே கேலிக்கூத்தாகியிருக்கும். ஹோகன் என்ற பிராண்டும் அத்தோடு சரி.

மற்ற விளையாட்டுகளில் தோற்பவர், ஜெயிக்க முடியாததால் தோற்கிறார். ரெஸ்லிங்கில் அப்படி இல்லை. அங்கே தோல்வி என்பது ஒருவர் இன்னொருவருக்குக் கொடுப்பது. அந்தத் தொழிலின் பேச்சில் அதை 'ஜாப்' என்றே சொல்வார்கள். வேலை. ஒரு புது ஹீரோ உருவாக வேண்டுமென்றால், ஏற்கெனவே பேர் வாங்கிய ஒருவர் அவரிடம் மல்லாந்து விழ வேண்டும். பேர் எவ்வளவு பெரியதோ, ஜெயித்தவருக்குக் கிடைக்கும் மரியாதையும் அவ்வளவு பெரியது.

ஆந்த்ரே 15 வருடமாகச் சேர்த்துவைத்த பேர் அது. சிறுகச் சிறுகச் சேர்த்த சொத்து. உடம்பு இனி ரொம்ப நாள் தாங்காது என்று தெரிந்தபோது, அதைப் பெட்டியில் பூட்டிவைக்காமல் அடுத்தவர் கையில் கொடுத்தார். அதுவும் முதுகில் பட்டை கட்டிக்கொண்டு, குப்பை வீச்சை வாங்கிக்கொண்டு!

மறுபடியும் அந்த வண்டி

கதை அங்கே முடியவில்லை. 1988 பிப்ரவரி 5 அன்று அமெரிக்காவின் என்.பி.சி தொலைக்காட்சியில் ஹோகனும் ஆந்த்ரேவும் மறுபடி மோதினார்கள். இது இலவச ஒளிபரப்பு. 3 கோடியே 30 லட்சம் பேர் பார்த்ததாகக் கணக்கு. ரெஃப்ரியின் தில்லுமுல்லால் ஆந்த்ரே ஜெயித்தார். பட்டம் அவர் கையில் இருந்தது சில நிமிடங்கள்கூட இல்லை. 'மில்லியன் டாலர் மேன்' டெட் டிபியாஸியிடம் அப்படியே கொடுத்துவிட்டார். கதைப்படி, டிபியாஸி பணம் கொடுத்து வாங்கிவிட்டார்.

ஆந்த்ரேவின் உடல்நிலை மோசமாகிக்கொண்டே போனது. 1990 ஏப்ரல் 1, டொரன்டோவின் ஸ்கைடோம். ரெஸில்மேனியா 6. ஹக்கு என்ற வீரரோடு சேர்ந்து விளையாடிய ஜோடிப் போட்டியில் ஆந்த்ரே அணி தோற்றது. கோபத்தில் மேனேஜர் ஹீனன் அவர் முகத்துக்கு நேராகக் கத்தி, கன்னத்தில் அறைந்தும் விட்டார். ஆந்த்ரே நிதானமாகத் திரும்பினார். ஹீனனுக்குத் திருப்பிக் கொடுத்தார். அரங்கமே துள்ளியது.

அந்த ரெஸில்மேனியாவுக்கும் அதே மாதிரியான குட்டி வண்டியைக் கொண்டுவந்திருந்தார்கள். மூன்று வருடங்களுக்கு முன் குப்பை வீசப்பட்ட மாதிரியான வண்டி. அதில் ஆந்த்ரே தனியாக ஏறி நின்றார். இந்த முறை வழிநெடுகக் கைதட்டல். ரெஸில்மேனியாவில் அவர் ஆடிய கடைசிப் போட்டி அதுதான்.

1993 ஜனவரியில் தன் அப்பாவின் இறுதிச் சடங்குக்காக பிரான்ஸ் போயிருந்தார். பாரிஸில் ஹோட்டல் அறையில் தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 46. அதே வருடம் 'ஹால் ஆஃப் ஃபேம்' என்ற கௌரவப் பட்டியலை டபிள்யூ.டபிள்யூ.எஃப் ஆரம்பித்தபோது, அதில் சேர்க்கப்பட்ட முதல் பெயர் ஆந்த்ரே. அவருடைய அஸ்தி, வட கரோலினாவில் அவர் ஆசையாக வாங்கி வாழ்ந்த பண்ணையிலேயே தூவப்பட்டது.

அன்று ஆடியவர்களில் பலரும் இப்போது இல்லை. ராண்டி சாவேஜ் 2011-ல் போய்விட்டார். ஹோகன் 2025 ஜூலையில், 71 வயதில் காலமானார். கடைசிக் காலத்தில் அவர் பெயரைச் சுற்றி நிறைய சர்ச்சைகள். இனவெறிப் பேச்சு வெளியானதால் சில காலம் கம்பெனியே அவரை ஒதுக்கிவைத்திருந்தது. ஆனாலும், அவர் மறைந்த செய்தி வந்ததும் உலகம் முழுக்கப் பகிரப்பட்ட படங்களில் ஒன்று, ஆந்த்ரேவைத் தூக்கி நிற்கும் அந்த ஒரு நொடி. ஆந்த்ரே கொடுத்தது, ஹோகனின் கடைசி நாள்வரை கூடவே இருந்தது.

சில்வர்டோமும் இப்போது இல்லை. 5 கோடி டாலருக்கு மேல் செலவழித்துக் கட்டிய அந்த ஸ்டேடியம், 2009-ல் வெறும் 5,83,000 டாலருக்கு ஏலம் போனது. பிறகு கூரை கிழிந்து, பாழடைந்து கிடந்தது. 2017 டிசம்பர் 3 அன்று வெடி வைத்துத் தகர்க்கப் பார்த்தார்கள். வெடித்தது. புகை எழும்பியது. கட்டடம் அசையாமல் நின்றது! மறுநாள் இன்னொரு முறை வெடி வைத்த பிறகுதான் சாய்ந்தது.

ஆந்த்ரே அன்று அப்படி நின்றிருக்கலாம். நிற்கவில்லை. அடுத்த முறை ரீல்ஸில் அந்த ஸ்லாம் கண்ணில் பட்டால், ஹோகனின் கைகளை விட்டுவிட்டு ஆந்த்ரேவைக் கொஞ்சம் கவனியுங்கள். எழுந்து நிற்பதற்கே சிரமப்பட்ட ஒரு மனிதர், அத்தனை ஆயிரம் பேர் முன்னால் விழச் சம்மதித்த நொடி அது.

*(அடுத்த வாரம்: லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்தில் மச்சானும் மச்சானும் மோதிக்கொண்ட 'சம்மர்ஸ்லாம் 1992'!)*